ஒற்றை இழை

திருச்சிராப்பள்ளிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவதற்காகப் போவார்கள். ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் பெருமாளைச் சேவிப்பதற்காகப் போவார்கள். நான் சென்ற மார்கழியில் இரண்டு ஊர்களுக்கும் ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன். அது தூங்குவதற்கான தலையணை அல்ல. அதன்மேல் தெரியாத்தனமாய்த் தலை வைத்தால் நாற்பது குண்டூசிகள் ஏக காலத்தில் குத்தும்!

ரயிலில் எதிர் ஆசனத்திலிருந்தவர் வெகு நேரம் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அம்மா, இது என்ன வாத்தியம்?" என்று கேட்டார். "வாத்தியம் இல்லை, ரேந்தை பின்னுகிற தலையணை" என்றேன். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. நேயர்களில் சிலருக்கும் தீர்ந்திராது. ஆகையால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லேஸ் என்று மற்ற ஊர்களில் சொல்வதைத் திருநெல்வேலி, நாகர்கோவில் சீமையில் ரேந்தை என்பார்கள். ஜன்னல், அலமாரி, சாவி என்பவற்றைப் போல இதுவும் போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச் சென்ற சொல். ரேந்தையில் பல ஜாதி உண்டு. கொக்கி ஊசியால் பின்னுவது ஒரு வகை; தையலூசியால் இழைப்பது இன்னொரு வகை. நான் சொல்லுவது தலையணை ரேந்தை. வைக்கோலை இறுக அடைத்த ஒரு திண்டு. அதன்மேல் சித்திரத்துக்குத் தக்கபடி துளை குத்திய ஓர் அட்டை. விரல் நீளமுள்ள மரக்கட்டைகளில் சுற்றிய நூல். இவையே சாமான்கள். கட்டைகள் எப்போதும் ஜோடி ஜோடியாகவே தொங்கும். இரண்டு ஜோடிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவிலுள்ள இரண்டில் இடது கட்டையை வலதின் மேல் போட்டால் அது குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலது கட்டையை இடதின் மேல் போட்டால் அது முறுக்கு. அட்டையில் துளை வந்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி நூலை நிறுத்த வேண்டும். குறுக்கு, முறுக்கு, குண்டூசி: இந்த வித்தையில் மொத்தம் இவ்வளவுதான். எழுத்து இருநூற்று நாற்பத்தேழுதான் என்று சொல்லுவதைப் போலத்தான் இதுவும்!

எனக்கு இதைக் கற்பித்தவர் நாகர்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு முதிய ஆசிரியை. வயது எண்பதுக்கு மேல். அவருடைய தாயார், பாட்டி, பாட்டிக்குப் பாட்டி எல்லாரும் ரேந்தை பின்னியவர்கள். சில வருஷங்களாக அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. போன ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டுத் தம்முடைய தலையணையையே என் மடியில் வைத்தார்.

"மக்களே, நான் போட்ட பூவெல்லாம் துரைசாணி காலத்துப் பூவு. அம்மை போட்டதும் அதுதான்; ஆச்சி போட்டதும் அதுதான். நம்ம ஊருப் பூவு ஒண்ணு இதுல போட்டுக் காட்டு. கண்ணு தெரியல்லன்னாலும் கை தெரியும்" என்றார்.

சரி என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. தாமரையையும் மாங்காயையும் படம் வரைந்து துளை குத்திப் பார்த்தேன். தாமரை முட்டைக்கோஸ் போலிருந்தது. மாங்காயைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே மேல். நூல் ஓடும் வழியை அறியாமல் சித்திரத்தை மட்டும் வரைந்தால் அப்படித்தான் ஆகும். புள்ளியும் இழையுமாகவே பிறந்த சித்திரம் ஏதாவது நம்மிடம் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஸ்ரீரங்கத்திலிருந்து என் சிநேகிதி, "மார்கழி பிறந்துவிட்டது, வீதியெல்லாம் கோலம். உடனே புறப்பட்டு வா" என்று எழுதினாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அட்டையில் துளை குத்துவதும் வாசலில் புள்ளி வைப்பதும் ஒன்றுதானே!

கடை வீதியும் உறையூரும்

திருச்சி ஜங்ஷனில் இறங்கியதும் முதலில் நூல் வாங்கிக்கொள்ளலாம் என்று மெயின் கார்டு கேட்டைத் தாண்டிப் பெரிய கடை வீதிக்குப் போனேன். பழைய கோட்டைச் சுவர் போய்விட்டது. ஆனால் அதன் வாயில் மட்டும் இன்னும் நின்று ஜனங்களையும் வண்டிகளையும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. முதல் கடையில் "லேஸ் பின்ன நூல் வேண்டும்" என்றேன். ஜரிகைக் கண்டை எடுத்துப் போட்டார்கள். "ஜரிகை அல்ல, லேஸ்" என்றேன். யந்திரத்தில் செய்த லேஸ் நாடாவைக் கஜக் கணக்கில் அவிழ்த்து விட்டார்கள். அடுத்த கடைப் பையன் இதைக் கேட்டுக்கொண்டிருந்து, பரோபகார சிந்தையுடன் ஓர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினான்!

மூன்றாவது கடையில் ஒரு கிழவர் இருந்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, ஒரு நூல் உருண்டையிலிருந்து சாண் நூலை இழுத்து, இரண்டு விரல்களுக்கிடையில் எதிர்ப்பக்கமாய் உருட்டினார். அது இரண்டு புரியாகப் பிரிந்தது. "ஒற்றைப் புரி நூல் உங்கள் வேலைக்கு ஆகாது. இழுக்க இழுக்க முறுக்கு விட்டுப் பஞ்சாய்ப் போகும். இரண்டு புரி முறுக்கியது வாங்குங்கள்" என்றார். ஆறு மாதம் பழகியும் எனக்குத் தெளிவாகாத விஷயத்தை அவர் அரை நிமிஷத்தில் விளக்கிவிட்டார்.

அங்கிருந்து உறையூருக்குப் போனேன். முற்காலச் சோழர்களுக்குத் தலைநகராயிருந்த ஊர் இன்று திருச்சி நகரத்தின் ஒரு பகுதி. கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த கடல் வழிக் குறிப்பில் அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணியைப் பற்றிச் சொல்லுகிறார். அந்த அர்காரு நம் உறையூர்தான் என்பது அறிஞர் பலருடைய கருத்து. உறையூர்ப் பருத்திச் சேலைக்கு இன்றும் பெயர் உண்டு. ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நெசவாளர் அன்புடன் உள்ளே கூப்பிட்டார். என் தலையணையைப் பார்த்ததும் தறியை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"இதில் பாவு எது, ஊடை எது?" என்று கேட்டார்.

"இந்த வரியில் இது ஊடை. அடுத்த துளைக்குப் போனால் இதுவே பாவு ஆகிவிடும்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாவு இடம் மாறினால் துணி எப்படி அம்மா நிற்கும்?" என்றார். நான் பத்துத் தடவை கட்டைகளை மாற்றிப் போட்டுக் காட்டினேன். "ஓகோ, குண்டூசி நிறுத்துகிறதா? எங்களுக்கு அச்சு செய்கிற வேலையை உங்களுக்கு ஊசி செய்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கணத்தில், இந்த வித்தை நம் நாட்டுக்கு அந்நியம் என்று இதுவரை எண்ணியிருந்தவர்களுக்குள் நானும் ஒருத்தி என்பது எனக்கு உறைத்தது. நூலை அறிந்தவர்களுக்கு அது அந்நியமே அல்ல.

அன்று மாலை மலைக்கோட்டையும் ஏறினேன். நானூறுக்கு மேற்பட்ட படிகள். நடுவழியில் தாயுமான சுவாமி, உச்சியில் பிள்ளையார். மேலே நின்று வடக்கே பார்த்தால், முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் இரு பக்கமும் ஓட, நடுவே தென்னந்தோப்புகளுக்குள் ஸ்ரீரங்கத்தின் கோபுரங்கள் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் 236 அடி உயரமுள்ள தெற்கு ராஜகோபுரம். சுமார் நானூறு ஆண்டுகள் அடித்தளத்தோடு நின்றிருந்த அந்தக் கோபுரத்தை அகோபில மடத்து 44-வது பட்டம் ஜீயர் சுவாமிகள் முன்னின்று 1987-ஆம் ஆண்டில் பூர்த்தி செய்து வைத்தார். பாதியில் நின்ற வேலையைப் பார்த்து மலைத்துப் போகிறவர்கள் ஒரு தடவை இங்கே வந்து பார்ப்பது நல்லது. நான் தலையணையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

உத்தர வீதியில் ஒரு விவாதம்

"என்னடீ இது, தலையாணையைக் கட்டிண்டு வந்திருக்கே! எங்காத்துல தலையாணை இல்லேன்னு நினைச்சயா?" என்று சிநேகிதியின் தாயார் வாசலிலேயே கேட்டார். மாமியைச் சமாதானம் செய்து உள்ளே போனால், கூடத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயது. கதர் வேஷ்டி, கதர்த் துண்டு. முன்னால் பெட்டி ராட்டினம். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி நூற்காமல் அவர் சாப்பிட மாட்டார். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி, இதே திருச்சியிலிருந்து ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார் அல்லவா? அந்த ஊர்வலத்தை வீதியில் நின்று பார்த்தவர் இவருடைய தகப்பனார். அன்றைக்கு அந்த வீட்டில் புகுந்த கதர் இன்னும் வெளியே போகவில்லை.

மாமா என் தலையணையைப் பார்த்தார். "ஏம்மா, துரைசாணிகள் பொழுது போகாமல் பண்ணின வேலை இது. நமக்கு எதற்கு?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் நானே பல நாள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன்.

முதலாவது, இது இங்கிலீஷ்காரருக்கே இரவல் சொத்து. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பிளாண்டர்ஸ் தேசத்திலும் தழைத்த வித்தை இது. வெனிஸ் நகரில் 1557-இல் ரேந்தை மாதிரிகளைக் கொண்ட ஒரு புத்தகம் அச்சாயிற்று. 1561-இல் ஜூரிச் நகரில் வெளியான மற்றொரு புத்தகம், சுமார் 25 வருஷங்களுக்கு முன் வெனிஸிலிருந்து இந்த வேலை தங்களுக்கு வந்ததென்று கூறுகிறது. இலங்கையில் காலி, வெலிகமைப் பக்கத்துப் பெண்கள் இதைப் போர்த்துக்கீசியர் வழியாகக் கற்றுத் தங்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஸ்லோவேனியா என்னும் சிறு தேசத்தில் இத்ரியா என்ற சுரங்க நகரத்தில் இதற்கென்றே 1876-இல் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. 2018-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அந்நாட்டு ரேந்தையை மனித குலத்தின் கலைச்செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எல்லோரும் இரவல் வாங்கித்தான் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

"இரண்டாவது என்ன?" என்றார் மாமா, ராட்டினத்தை நிறுத்தாமல்.

இரண்டாவதுதான் முக்கியமானது. 1819-ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்னும் மிஷனரி மாது அங்கே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, எழுத்தோடு ரேந்தையும் கற்றுக்கொடுத்தாள். அவள் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல் பாதிரியாரை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் பெண்களுக்கு அதைக் கற்பித்தாள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் புருஷன் எழுதிக்கொண்டிருந்த வீட்டில், மனைவி பனங்காட்டுப் பெண்களின் கையில் நூற்கட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருந்தார்கள். அதை அடியோடு ஒழிக்கும் பிரகடனம் 1855-இல்தான் வந்தது. நாடார் குலப் பெண்கள் மேலுடை அணிவதற்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது 1859-இல். அதற்கெல்லாம் முன்பே, மால்ட் அம்மாளின் பள்ளிக்கூடத்தில் படித்த அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர், ரேந்தை பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள்.

"மாமா, துரைசாணிகளின் சட்டை ஓரத்துக்குப் போன சரக்குத்தான். அதில் ஆட்சேபமில்லை. ஆனால் பின்னிய கை யாருடையது? அந்தக் கை எதற்காகப் பின்னிற்று?" என்றேன்.

ராட்டினம் நின்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, கதிரிலிருந்த நூலைக் காட்டி, "இது உன் வேலைக்கு உதவுமா?" என்று கேட்டார்.

மாமியின் கணக்கு

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு மாமி என்னை எழுப்பினார். உத்தர வீதியில் பனி இறங்கியிருந்தது. கோயிலிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. வீட்டுக்கு வீடு ஒரு விளக்கும், குனிந்த ஓர் உருவமும். சித்திரை வீதி வரையில் நடந்து போய்ப் பார்த்தேன். பூக்கோலம், தேர்க்கோலம், வர்ணப்பொடியில் கிளியும் யானையும் எல்லாம் இருந்தன. ஆனால் என் கண் நெளிக் கோலத்தைத்தான் தேடிற்று. புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து, தன்னைத் தானே குறுக்கே வெட்டிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் கோலம் அது. சிலர் கம்பிக் கோலம் என்பார்கள். சிலர் சிக்குக் கோலம் என்பார்கள்.

இத்ரியா நகரத்து ரேந்தையில் ஒரு தினுசு உண்டு. ஆறேழு ஜோடிக் கட்டைகளைக் கொண்டு குறுகலான நாடா ஒன்றைப் பின்னிக்கொண்டே அதைப் பாம்பு போல் வளைத்துச் செல்வார்கள். நாடா தன்னையே சந்திக்கும் இடத்தில், பழைய நாடாவின் ஓரத் துளை வழியாகச் சிறு கொக்கியால் ஒரு நூலை வளையமாக இழுத்து, அதற்குள் மற்றொரு கட்டையை நுழைத்து இறுக்கிவிடுவார்கள். நம் நெளிக் கோலம் செய்வதும் அதைத்தானே? எனக்கு ஒரே ஆனந்தம். ஒரு வாசலில் இருந்த ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கோலத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஓடி வந்தேன். அட்டையில் துளை குத்தி, ஆறு ஜோடிக் கட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு, காலைப் பலகாரத்தைக்கூட மறந்து பின்னத் தொடங்கினேன்.

மத்தியானத்துக்குள் ஆனந்தம் போய்விட்டது. நாடா ஐந்தில் ஒரு பங்கு கோலத்தைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. பன்னிரண்டு நூல்களையும் முடிச்சுப் போட்டு அறுத்துவிட்டு, வேறோர் இடத்தில் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இப்படி ஐந்து தடவை! ரேந்தையில் மிகவும் அசிங்கமான இடம், தொடங்கி முடிகிற முடிச்சுத்தான். ஐந்து முடிச்சுள்ள ரேந்தையை என் ஆசிரியை விரலால் தடவிப் பார்த்தால் என்ன சொல்லுவார்?

மாமி காப்பி டம்ளருடன் வந்து எட்டிப் பார்த்தார். "அஞ்சுக்கு அஞ்சு வெச்சா அஞ்சு இழைதான்டீ வரும். இதுக்கா மூஞ்சியைத் தூக்கிண்டிருக்கே? ஒரு வரிசையைக் குறை. அஞ்சுக்கு நாலு வை. கை எடுக்காமப் போட்டு முடிச்சுடலாம்" என்றார்.

நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மாமி சொன்னது அட்சரம் பிசகவில்லை. ஐந்துக்கு நாலில் ஒரே இழை. ஆறுக்கு நாலில் இரண்டு இழை. நாலுக்கு நாலில் நான்கு இழை. இடையில் தடுப்பு எதுவும் வைக்காத நெளிக் கோலத்தில், இரு பக்கத்துப் புள்ளி எண்களையும் மீதியில்லாமல் வகுக்கக்கூடிய பெரிய எண் எதுவோ, அத்தனை இழை வரும். கணித சாஸ்திரிகள் இதை நிரூபித்திருக்கிறார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி முதலியோர் 1970-களிலேயே கோலங்களைக் கணினி சாஸ்திரத்தில் ஆராய்ந்து உலகத்துக்குக் காட்டினார்கள். மாமிக்கு அந்தச் சங்கதி தெரியாது. "எங்கம்மா சொல்லுவா" என்றார், அவ்வளவுதான்.

பூக்காரியின் திருத்தம்

மாமா தந்த நூலுடன் வேறொரு தகராறு ஏற்பட்டது. கடைக்காரர் எச்சரித்தபடியே அது ஒற்றைப் புரி. மூன்றாவது குண்டூசியிலேயே அறுந்தது. இதைச் சொன்னால் மாமாவுக்கு மனவருத்தம் உண்டாகுமே என்று தயங்கினேன். அவர் அதைத் தாமாகவே கண்டுகொண்டார். இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்து, ராட்டினத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, இரட்டைப் புரியாக முறுக்கினார். இரண்டு நாள் நூற்றதைச் சேர்த்தால் ஒரு நாள் நூல்தான் கிடைத்தது. "போதாவிட்டால் சொல். நானும் சும்மாத்தானே இருக்கிறேன்" என்றார்.

அந்த நூல் அறுபடவில்லை. ஆனால் நாடா நெளிந்து நெளிந்து சுருங்கிற்று. நான் ஒவ்வொரு குறுக்குக்கும் கட்டையைப் பிடித்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தபோது, வாடிக்கைப் பூக்காரி வந்து கூடையை இறக்கினாள். சாத்தார வீதிப் பூச்சந்தையில் வாங்கி, வீடு வீடாய்க் கொடுப்பவள். நனைத்த வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு, மல்லிகையை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாக வைத்து, பேசிக்கொண்டே கட்டினாள். கண் என் தலையணையின் மேலேயே இருந்தது.

"தாயி, இப்படி இழுத்தா காம்பு அறுந்து போவும். பூவை நெரிக்கக் கூடாது. நாரு பூவைப் பிடிச்சுக்கணும், அம்மட்டுந்தான். லேசா வுட்டாலும் சரம் உதிர்ந்துடும். அந்தக் கட்டைக்கு கனம் இருக்குல்ல? அதுவே இழுத்துக்கட்டும், வுடு" என்றாள்.

கட்டைகளைத் தலையணையின் சரிவில் தொங்கவிட்டுப் பார்த்தேன். அவற்றின் பாரமே நூலை வேண்டிய அளவுக்கு இழுத்தது. நாடா சமனாய்ப் படிந்தது. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் அமைத்து மாலை கட்டிய ஊர் இது. இந்த ஊரில் நூலின் இறுக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு பூக்காரி பாடம் சொன்னதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஐந்துக்கு நாலு புள்ளிக் கோலத்தில் இழை தன்னைத் தானே 31 இடங்களில் வெட்டிக்கொள்ளுகிறது. வளைவு திரும்பும்போது வெளி ஓரம் நீளம், உள் ஓரம் குறைவு. ஆகையால் உள் ஓரத்தில் ஒரே குண்டூசியை இரண்டு மூன்று தடவை உபயோகிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடா முட்டாக்குப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று சந்திப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் பொங்கல் வரையில் தங்கியும் பதினேழுதான் முடிந்தது. புறப்படும்போது மாமா ஒரு சிட்டம் இரட்டைப் புரி நூலை மூட்டையில் வைத்தார். மாமி ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அறுபது வருஷத்துக் கோலங்கள் அதில் பென்சிலில் எழுதியிருந்தன.

இந்த வேலையைக் கற்க விரும்பும் சகோதரிகள் மாதிரிப் புத்தகம் கிடைக்கவில்லையே என்று விசாரப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் இராது. முதலில் பருமனான இரட்டைப் புரி நூலும் ஆறு ஜோடிக் கட்டைகளுமாகத் தொடங்குங்கள். ஒரு சாண் நேர் நாடா பின்னி, ஓரம் சமனாய் வந்த பிறகே வளைவுக்குப் போங்கள். கோலத்தைச் சிறிதாக்கினால் நூலையும் மெல்லியதாக்குங்கள். குறுக்கும் முறுக்கும் புத்தகத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இறுக்கத்தை மட்டும் ஒரு கையின் பக்கத்தில் உட்கார்ந்தே கற்க வேண்டும். அது பூக்காரியின் கையாக இருந்தாலும் சரி.

ஆசிரியையின் விரல்

தை மாதக் கடைசியில் வேலை முடிந்தது. நாகர்கோவிலுக்கு எடுத்துக்கொண்டு போய் ஆசிரியையின் மடியில் வைத்தேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய துண்டு. அவர் ஒன்றும் கேட்கவில்லை. வலது ஆள்காட்டி விரலை ஓரிடத்தில் வைத்து நாடாவின் வழியே நகர்த்திக்கொண்டு போனார். சந்திப்பு வந்த இடத்தில் நின்றார், மேலே போனார். வளைந்தார், திரும்பினார். எனக்கு மூச்சு விடவும் பயமாயிருந்தது. விரல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. அங்கேயிருந்த ஒரே முடிச்சைத் தொட்டது.

"கோலம்லா இது!" என்றார். முகம் மலர்ந்தது. பிறகு விரல் மெதுவாகப் பின்னால் போய் ஓரிடத்தில் நின்றது. "இந்த வளைவுல ஒரு முறுக்கு விட்டுப் போச்சு, மக்களே."

பார்த்தேன். மெய்தான். "பிரித்துவிட்டுப் போட்டுவிடட்டுமா, டீச்சர்?" என்றேன்.

"வேண்டாம். கிடக்கட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேர் சாயங்காலம் வாறாங்க. துரைசாணிப் பூவைப் போடச் சொன்னா மூஞ்சியைச் சுளிக்குதுக. இந்த அட்டை ரெண்டு வேணும்."

ரேந்தை மாதிரிகள் ஊர்விட்டு ஊர் போன வழிகளில் ஒன்று இது. பழைய அட்டையின் கீழே புது அட்டையை வைத்து, துளை வழியாக ஊசியால் குத்துவார்கள். நானும் திண்ணையில் உட்கார்ந்து, ஸ்ரீரங்கத்துக் கோலத்தின் கீழே இரண்டு வெள்ளை அட்டைகளை வைத்துக் குத்தத் தொடங்கினேன். பிள்ளைகள் வருவதற்குள் இரண்டும் தயாராகிவிட்டன.